பீடி, சிகரெட்டை விடுவதும் கூட நிற்பவர்களும்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் - தஞ்சாவூர் சாலையில், பாபநாசம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் 20 வருஷமாக நிற்கிறேன். இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுக்கும்போது பீடிக்கட்டும் கூடவே வெளியே வரும். அவர் கேட்கிற சந்தேகமும், அடுத்த நாள் அவர் வீட்டம்மா தனியாக வந்து கேட்கிற சந்தேகமும் பல வருஷமாக மாறவே இல்லை. அதனால் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே எழுதி வைத்தேன். நானும் 14 வருஷம் சிகரெட் பிடித்தவன்தான், விட்டு 11 வருஷம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

விடணும்னு நெனச்சா தானா விட்டுட மாட்டாரா? இதுக்குப் போயி எதுக்கு இன்னொரு ஆளு?

தானாக விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தானாக விடப் பார்த்து நாலாம் நாளே மறுபடி பற்றவைத்தவர்கள்தான் நிறையப் பேர். வைராக்கியம் போதவில்லை என்று அவர்களைச் சொல்லாதீர்கள். புகையை இழுத்தால் சுமார் பத்து விநாடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 15 சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வையுங்கள். தினம் 150 தடவை மூளை அதை வாங்கிப் பழகியிருக்கிறது. சோறு தின்பதைக்கூட நாம் அத்தனை தடவை பழகவில்லை.

விட்ட பிறகு ஆசை நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, அலை மாதிரி வரும். ஒவ்வொரு அலையும் ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம். அந்த நேரத்தில் அவர் மனசே அவருக்கு எதிராக வாதாடும்: 'ஒண்ணுதானே, நாளையிலேருந்து விட்டுடலாம்'. பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அந்த அலை அடிக்காது. கூட ஒருவர் வேண்டும் என்பது அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான்.

நிறுத்தினா என்னென்ன பண்ணும்? எத்தனை நாளைக்கு இந்தப் பாடு?

கடைசி சிகரெட்டுக்குச் சில மணி நேரத்திலேயே எரிச்சல் தொடங்கும். கோபம், தூக்கம் கெடுவது, பசி, எதிலும் மனசு நிற்காமல் போவது எல்லாம் வரும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். அதைத் தாண்டினால் இறங்கத் தொடங்கி, இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எடை சராசரியாக நாலைந்து கிலோ கூடலாம். அதற்குப் பயந்து மறுபடி பிடிக்க வேண்டாம்.

நல்லதும் அப்போதே தொடங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும். சில மாதங்களில் இருமலும் இளைப்பும் குறையும். ஒரு வருஷத்தில், மாரடைப்புக்கு அவருக்கு இருந்த கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும்.

காலையில ஒண்ணு பத்தவெச்சாத்தான் வெளிக்கே வருது. விட்டா என்ன பண்றது?

வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியாகக் கேட்கிற கேள்வி இது. ஆனால் பலர் விடாமலிருக்க நிஜக் காரணமே இதுதான். நிக்கோட்டின் குடலைத் தூண்டுகிறது. அது நின்றதும் குடல் கொஞ்ச நாள் சோம்பலாக இருக்கும். சில வாரத்தில் தானாகச் சரியாகும். எழுந்ததும் இரண்டு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி இரண்டு பூவன் பழம், சாப்பாட்டில் கீரை, வாழைத்தண்டு. இதில் ஆகாவிட்டால் இசப்கோல் தவிடு வாங்கிப் போங்கள். தினமும் அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள், வந்தாலும் வராவிட்டாலும்.

பீடிதானே தம்பி, இலைதானே? சிகரெட்டு மாதிரி இல்லையே?

பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த இலையில் காற்று லேசில் புகாது, அதனால் அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் தாரும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் உள்ளே போகிறது. 'லைட்' என்று விற்ற சிகரெட்டுகளின் கதையும் இதேதான்.

கொஞ்சம் கொஞ்சமா குறைக்கவா, ஒரேயடியா விடவா? நல்ல நாள் பார்க்கணுமா?

இருபதிலிருந்து எட்டுக்குக் குறைத்தவர் அந்த எட்டையும் அடிவரைக்கும் ஆழமாக இழுப்பார். உடம்பு தன் பங்கை வாங்கிக்கொள்ளும். அதனால் இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி வைத்து, அன்றைக்கு முழுசாக விடுவதையே சொல்கிறேன். அந்தத் தேதி வரைக்கும் குறைத்துக்கொண்டு வந்தால் தப்பில்லை.

நான் ஆடிப் பதினெட்டில் விட்டேன். ஆற்றில் குளித்து, அக்கா கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆடி 18 ஐந்து மாசம் தள்ளி இருந்தால் காத்திருக்காதீர்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, நாற்று பறிக்க ஆள் தேடி அலைகிற வாரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். அறுவடை வாரத்திலும் வேண்டாம்.

சபரிமலைக்கு மாலை போட்டா 41 நாளும் தொடுறதே இல்லை. கழட்டின அன்னைக்கே மறுபடி. அது ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள்: உடம்பின் பாடு நாலு வாரத்தில் அடங்கிவிடுகிறது. 41 நாள் இருந்தவர் அதைத் தாண்டி இரண்டு வாரம் ஆகிவிட்டது. மலையிலிருந்து இறங்கும்போது அவர் உடம்பு கேட்பது மிகக் குறைவு. பிறகு எப்படி மறுபடி வருகிறது? மாலை போட்டிருந்தபோது டீக்கடையில் யாரும் நீட்டவில்லை. 'சாமி' என்று கூப்பிட்டார்கள். குருசாமி தினம் விசாரித்தார். விடிகாலையில் எழுந்து குளித்தார், சாயந்தரம் பஜனைக்குப் போனார். வழக்கமாகப் புகைக்கிற நேரமெல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டது. கூட்டாளிகள்கூட அவரைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் பின்னால் மறைத்தார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் அதே கூட்டாளி, 'வா மாப்ளே, முடிஞ்சுதுல்ல' என்று நீட்டுகிறார். உடம்பு விட்டதை ஊர் மறுபடி கையில் கொடுக்கிறது.

ஆகவே மாலை போடுகிறவர்களிடம் நான் சொல்வது: கழற்றுகிற நாளை விடுகிற நாளாக வையுங்கள். குருசாமியிடம் முன்கூட்டியே சொல்லி, இன்னும் மூன்று மாதம் தினமும் ஒரு தடவை விசாரிக்கச் சொல்லுங்கள். கூட்டாளிகளிடம் பெயர் சொல்லி, 'எனக்கு நீட்டாதே' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது எந்த மதத்துக்காரருக்கும் பொருந்தும். ரம்ஜான் நோன்பில் பகல் முழுக்க இருந்தவருக்கும், தவக்காலத்தில் விட்டவருக்கும் இதே யோசனைதான்.

வீட்டுக்காரி நான் என்ன செய்யணும்? சட்டைப்பையைச் சோதனை போடலாமா?

வேண்டாம் அம்மா. வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம். அதைவிட முக்கியமாக, பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். ஒரு நாள் தவறிவிட்டால் அந்தச் சத்தியத்துக்குப் பயந்தே அவர் மறைப்பார். மறைக்கத் தொடங்கினால் உங்களிடம் உதவி கேட்கிற வழி அடைந்துபோகும். தோப்புப் பக்கம் போய்ப் பிடித்துவிட்டு, கொய்யா இலையை மென்றுகொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

அவரையே உட்காரவைத்து, எந்தெந்த நேரத்தில் பிடிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். எழுந்ததும், காபிக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று ஏழெட்டு வரும். அதில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை மகனுக்கோ தம்பிக்கோ கூட வேலை செய்கிறவருக்கோ பிரித்துக் கொடுங்கள். எனக்கு மோசமான நேரம் மத்தியானம் 2.40. கடையில் கூட்டம் குறைந்து பின்பக்கம் போகிற நேரம். திருவையாற்றிலிருந்து அக்கா சரியாக 2.40-க்குப் போன் பண்ணும். ஆறு வாரம், ஒரு நாள் விடாமல். 'பிடிச்சியாடா' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 'என்ன சாப்பிட்டே, என்ன குழம்பு' என்றுதான் கேட்கும். சுண்டைக்காய் வற்றல் குழம்பைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அலை தாண்டியிருக்கும்.

முதல் வாரம் அவர் எரிந்து விழுவார். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். நகைக்கடன், வரப்புத் தகராறு போன்ற பேச்சுகளை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். வீட்டில் கிடக்கிற சாம்பல் கிண்ணம், பழைய லைட்டர் எல்லாவற்றையும் அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். மிச்சமாகிற பணத்தைக் கண்ணில் படும்படி ஒரு டப்பாவில் போடுங்கள். நாளைக்கு 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36,500.

அவருக்குத் தெரியாம காபியில கலந்து குடுக்க ஏதாவது மருந்து இருக்காண்ணே?

என் கடையில் கிடையாது, வேறு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 'தெரியாமல் கொடுங்கள், தானாக வெறுத்துவிடும்' என்று விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. அவர் ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தெரிந்த நாளில், உங்கள் கையால் காபி வாங்கிக் குடிக்கவே அவர் யோசிப்பார். நிஜமான மருந்துகள் இருக்கின்றன. அவை அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு எடுப்பவை.

காபி குடிச்சாலே கை தேடுது. காபியையும் விடணுமா?

விட வேண்டாம், பாதியாக்குங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிடுகின்றன, அதனால் புகைப்பவர் உடம்பில் காபியின் காஃபீன் சீக்கிரம் கரைந்துபோகிறது. புகையை விட்ட சில நாளில் அந்த முடுக்கம் நின்றுவிடும். முன்பு குடித்த அதே மூன்று டம்ளர் டிகிரி காபி இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்காக வேலை செய்யும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். இதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு. கும்பகோணத்துப் பக்கம் காபி இல்லாமல் பொழுது விடியாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குடிக்கிற இடத்தையும் மாற்றுங்கள்: பெட்டிக்கடை வாசலில் நெருப்புக் கயிறு தொங்குகிற இடத்தில் நின்று குடிக்காமல், வீட்டுக்குள் உட்கார்ந்து குடியுங்கள்.

இதே காரணத்தால் இளைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களும், குளோசபின், ஓலன்சபின் போன்ற மனநல மாத்திரை எடுப்பவர்களும் விடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவு மாற்ற வேண்டிவரலாம்.

நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன், தொண்டை எரியுது, விக்கல் வருது. அதுவும் பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?

சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றிருப்பீர்கள். மெதுவாக நாலைந்து கடி கடித்து, மிளகு பட்டது போல் சுள்ளென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தால் மருந்து வயிற்றுக்குப் போய் விக்கல்தான் வரும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து காபி, ஜூஸ் வேண்டாம்; வாயில் மருந்து ஏறாது.

2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு இருக்கிறது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவருக்கு 4 தேவைப்படலாம். டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். சுமார் 12 வாரத்தில் குறைத்து நிறுத்துவது வழக்கம். சிலர் கொஞ்சம் நீட்டிக்கிறார்கள், ஆனால் இதில் நிக்கோட்டின் மெதுவாக ஏறுவதால் சிகரெட் போலப் பிடித்துக்கொள்வது குறைவு. தாரும் புகையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதையும் தோலில் ஒட்டுகிற பட்டியையும் 2009-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வாரெனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகள் 2021-ல் சேர்ந்தன. மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். வலிப்பு இருந்தவருக்குப் புப்ரோபியான் ஆகாது. கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது.

அதுக்குப் பதிலா வெற்றிலை சீவல் போட்டுக்கலாமா?

புகையிலை சேர்த்தால் அதே நிக்கோட்டின்தான், நுரையீரலுக்குப் பதில் வாயில் புற்றுநோய். புகையிலை இல்லாத வெறும் பாக்குக்கூட புற்றுநோய் தரும் பொருள் என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டது. நம் ஊர்க் கொழுந்து வெற்றிலை மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் சீவலுக்குத் தாவ வேண்டாம். நடவுக்குப் போகிற பெண்கள் இடுப்புச் சுருக்குப்பையில் வைத்திருக்கும் புகையிலைக்கும் இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனையும் பொருந்தும். ஈ-சிகரெட் கேட்கிற இளைஞர்களுக்கு: 2019-லிருந்து நாடு முழுக்க அது விற்கத் தடை.

கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு ராத்திரி காவல் இருக்கேன். அங்க எப்படி இருக்க முடியும்?

கஷ்டம்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே என்று திருப்பி, மறுநாள் மறுபடி காயவைத்து, மழை இருட்டினால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற நாளில் சும்மா இருந்தவனுக்கே புகைக்கத் தோன்றும். அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லார் கையிலும் பீடி இருக்கும்.

போன தை மாதம் ஒருவர் இதைத் தாண்டினார். பக்கத்துக் குவியல்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்திருக்கிறார். அவர் ராத்திரி கோணி ஊசியும் சணலும் கொடுத்து, கிழிந்த சாக்குகளைத் தைக்கச் சொல்லியிருக்கிறார். 'ரெண்டு கையும் சாக்குல மாட்டிக்கிச்சு, பீடியை எந்தக் கையில புடிக்கிறது' என்று என்னிடம் சொன்னார். மடியில் வறுத்த வேர்க்கடலை, கையில் வேலை, சொல்லிவைத்த ஒரு ஆள். சூயிங்கம்மும் எடுத்துப் போங்கள்.

நானும் கூட்டாளியும் சேர்ந்தே விடலாம்னு இருக்கோம். சரியா வருமா?

நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. ஒருவர் தவறினால் அடுத்தவர் அதைச் சாக்காக எடுத்துக்கொள்வதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து, இதுவரை பிடிக்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கட்டும். சேர்ந்து மது குடிக்கிற வழக்கம் இருந்தால் முதல் ஒரு மாதம் அதைத் தவிருங்கள். நான் பார்த்ததில் நிறையப் பேர் அங்கேதான் விழுந்தார்கள்.

இருபத்திரண்டு நாள் இருந்தேன். துக்க வீட்டுல தட்டுல நீட்டினாங்க, ஒண்ணு பிடிச்சுட்டேன். எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. 22 நாளில் உடம்பு சரியானது அப்படியே இருக்கிறது. ஆபத்து அந்த ஒன்றில் இல்லை, 'போச்சு, இனி என்ன' என்று கட்டாக வாங்குவதில்தான் இருக்கிறது. அன்றைக்கே உங்களுக்குத் துணை நிற்பவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கே, யார் நீட்டினது. அடுத்த துக்க வீட்டுக்குப் போகும்போது அவரும் கூட வரட்டும்.

அப்பாவுக்கு 68 வயசு. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?

பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951-லிருந்து 50 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கே சராசரியாக மூன்று வருஷ ஆயுள் கூடியது. 30-ல் விட்டவர்களுக்குப் பத்து வருஷம். ஆயுளை விடுங்கள், மாடிப்படி ஏறுவதும், ராத்திரி இருமாமல் தூங்குவதும் அவருக்கு இப்போது வேண்டியவை. பெரியவரிடம் நீங்கள் அதட்டிப் பேசாதீர்கள். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பிடிக்க வேண்டாம் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். இருமலில் ரத்தம் வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாமல் இருந்தாலோ என்னிடம் மருந்து வாங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சொல்லிக்க எனக்கு யாருமே இல்லை. வீட்டுக்கும் தெரியாது.

உங்கள் கையிலிருக்கும் பாக்கெட்டிலேயே ஒரு நம்பர் அச்சடித்திருக்கிறது: 1800-11-2356. புகையிலையை விட உதவுகிற தேசிய இலவச எண், தமிழிலும் பேசலாம். விடுகிற தேதியை வைக்க உதவுவார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் கேட்டாலும் ஆலோசனை கிடைக்கும். மனநலப் பிரிவு என்ற பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள். அதுவும் முடியாவிட்டால் என் போன்ற கடைக்காரரிடம், நீங்கள் டீ குடிக்கிற கடை அண்ணனிடம் சொல்லுங்கள். எனக்குச் சிகரெட் கொடுக்க மாட்டேன் என்று கடைசிவரை நின்றது எங்கள் தெரு டீக்கடை அண்ணன்தான். அவருக்கு அதில் வியாபார நஷ்டம்.

நாலு தடவை விட்டு நாலு தடவையும் ஆரம்பிச்சுட்டார். கூட நின்னு நின்னு எனக்கே அலுத்துப்போச்சு. இனிமே எனக்கென்னன்னு விட்டுடலாமா?

அலுப்பு வரும்தான் அம்மா. 'ஒரு மாசம் நான் இதைப் பத்திக் கேக்க மாட்டேன்' என்று அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு ஓய்வெடுங்கள். வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் புகை கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அது உங்கள் மூச்சு.

இதைக் கேட்ட அந்த அம்மாவிடம் நாலு தடவையும் எங்கே உடைந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். முதல் தடவை மூன்றாம் நாள். இரண்டாவது, நாத்தனார் மகள் கல்யாணம். மூன்றாவது, கொள்முதல் நிலையம். நாலாவது இரண்டு மாதம் தாங்கி, ஒரு சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளியைப் பார்த்து உடைந்திருக்கிறது. பில்லின் பின்பக்கத்தில் நாலையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் தள்ளித்தான் போயிருக்கிறார் என்பது எழுதிய பிறகுதான் அந்த அம்மாவுக்கே தெரிந்தது. காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

ஐந்தாவது தடவைக்கு அந்த அம்மா வரவில்லை. அவர் தம்பி வந்தார். 'சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுல மச்சானை நான் பாத்துக்கறேன்' என்று சொல்லி, 2 மில்லிகிராம் சூயிங்கம் இரண்டு அட்டை வாங்கிப் போனார்.